இடம் போதாமல் நீக்கிய வரி

சென்ற மாதம், நான் முப்பத்தொரு ஆண்டுகள் கற்பித்த பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் விரிவுரையாளர்களுக்கு என் அனுபவங்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அழைப்பு மரியாதையாகவே எழுதப்பட்டிருந்தது. கடைசி வரிதான் எனக்குக் கோபமூட்டியது. "உங்கள் ஸ்லைடுகளை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவைக்கவும்." நான் என்ன பேசப்போகிறேன் என்று அந்தக் கடிதத்தில் எங்கும் கேட்கப்படவில்லை.

ஸ்லைட் இல்லாமல் வருகிறேன் என்று பதில் எழுதினேன். அரை மணி நேரத்தில் மறுமொழி வந்தது. தலைப்பும் என் புகைப்படமும் உள்ள ஒரு ஸ்லைடாவது அனுப்பினால் போதுமாம். திரை வெறுமையாக இருந்தால் நன்றாக இராதாம்.

அந்தப் பேச்சில் சொன்ன ஒரு சம்பவத்தை, இந்நகரின் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கற்பிக்கப் புதிதாக வந்திருக்கும் தமிழ் நண்பர்களாகிய உங்களுக்காக இங்கே எழுதுகிறேன். அங்கே சொன்னதைவிடச் சற்றுக் கூடுதலாக எழுதுகிறேன். சிலவற்றை அங்கே சொல்ல என்னால் முடியவில்லை.

நான் கற்பித்தது குடிசார் பொறியியல். அதில் ஒரு சிறு பகுதி, மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர்கள். ஆர்ச்வேயில் ரயிலிலிருந்து இறங்கி முருகன் கோயிலுக்கு மேடேறும் பக்கங்களில் அத்தகைய சுவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். சரிவை வெட்டி வீதியோ வீடோ அமைத்தால், வெட்டிய மண் சரியாதிருக்க ஒரு சுவர் வேண்டும். சுவரின் அடியில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். மழை நீர் மண்ணுக்குள் இறங்கி அந்தத் துளைகளால் வடிந்துவிடும். துளைகள் திறந்திருக்கும் வரை, சுவரைத் தள்ளுவது மண் மட்டுமே. நீரின் அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. துளைகள் அடைபட்டால் நீர் தேங்கும். பிறகு மண்ணும் நீரும் சேர்ந்து சுவரைத் தள்ளும். விஷயம் இவ்வளவுதான். பொறியியல் படிக்காதவருக்கும் இது விளங்கும்.

பலகையில் எழுதிக் கற்பித்த காலத்தில், சுவரை வரைந்து, மண்ணை வரைந்து, "நீரழுத்தம்: பூச்சியம்" என்று எழுதிவிட்டு நான் நிறுத்திக்கொள்வேன். திரும்பி நின்று கைகளில் ஒட்டிய வெண்கட்டித் தூளைத் துடைப்பேன். சில ஆண்டுகளில் இரண்டு நிமிடம்கூட அப்படி நின்றிருக்கிறேன். யாராவது ஒருவர் பொறுக்க மாட்டாமல் கேட்பார்: மழை பெய்தால் நீர் எங்கே போகும்? அப்போதுதான் துளைகளை வரைவேன். உடனே இன்னொருவர் கேட்பார்: துளை அடைபட்டால்? அந்த வினாவுக்காகத்தான் முழு வகுப்பும். அதை நான் ஒருநாளும் என் வாயால் சொன்னதில்லை.

என் மனைவி சட்டன் பகுதியில் ஒரு பாடசாலையில் கணிதம் கற்பித்தாள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மாலையில் யார் பிந்தி வந்தாலும், சப்பாத்தைக் கழற்றும்போதே மற்றவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

"இண்டைக்கு என்ன கேட்டவை?"

என்ன படிப்பித்தீர்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நான் வகுப்பில் வந்த வினாவைச் சொல்வேன். அவள் தன் வகுப்பில் வந்ததைச் சொல்வாள். பெரும்பாலும் அவளுடையதே சிறந்ததாக இருக்கும். அதில் அவளுக்கு அடக்கம் சிறிதும் கிடையாது. "உங்கட பட்டதாரியளை விட என்ர பதினொரு வயசுகள் திறம்," என்பாள்.

பிறகு எல்லா விரிவுரைகளும் ஸ்லைடில் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. வகுப்புக்கு இரண்டு நாள் முன்பே அவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டும். கற்பித்தல் மேம்பாட்டுப் பிரிவிலிருந்து ஓர் இளைஞர் வந்து எங்களுக்கு ஒரு மணி நேரம் பயிற்சியளித்தார். ஒரு ஸ்லைடில் ஆறு வரி, ஒரு வரியில் ஆறு சொல். நீளமான வாக்கியங்கள் மாணவரைக் களைப்படையச் செய்யும் என்றார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாணவரைக் களைப்படையச் செய்வதையே தொழிலாகக் கொண்டிருந்த நாங்கள், தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தோம். நானும் ஆட்டினேன்.

சுவருக்கான ஸ்லைடை நான்தான் தயாரித்தேன். ஐந்தாவது வரி, "நீரழுத்தம்: பூச்சியம்." ஆறாவது வரி, "துளைகள் அடைபடாமல் இருக்கும்வரை மட்டுமே." அந்த ஆறாவது வரி கீழே இறங்கி, பல்கலைக்கழகச் சின்னத்தின் மேல் ஏறி நின்றது. எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன். அளவு குறையக்கூடாது என்பது விதி. படத்தைச் சுருக்கிப் பார்த்தேன். சுவர் தீப்பெட்டி போல ஆகிவிட்டது. கடைசியில் ஆறாவது வரியை நீக்கினேன். வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

முதலாண்டு சொன்னேன். இரண்டாமாண்டும் சொன்னேன் என்றே நினைக்கிறேன். அதற்குப் பிறகு சொல்லவில்லை. மறைக்கும் எண்ணம் எதுவும் இல்லை. திரையில் இல்லாத ஒன்று என் நினைவிலிருந்தும் போய்விட்டது. உங்களுக்கும் இப்படியே நடக்கும் என்பதால் இதை விளக்கமாக எழுதுகிறேன். ஸ்லைட் முதலில் சிந்திக்க விடாமல் தடுப்பது மாணவரையல்ல, அதைத் தயாரித்தவரைத்தான். பலகையில் ஒவ்வோராண்டும் அந்தச் சுவரை நான் புதிதாக யோசித்தேன். ஸ்லைடில் ஒருமுறை யோசித்துவிட்டு, ஏழு ஆண்டுகள் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன்.

வகுப்புகளும் அமைதியாகிவிட்டன. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நான் நிறுத்தவில்லை. அடுத்த ஸ்லைட் ஏற்கெனவே தயாராக இருக்கும்போது, இடையில் வரும் வினா ஆசிரியருக்கு இடைஞ்சலாகத்தான் தெரியும். மாணவர்களுக்கு அது விளங்காமல் இருக்குமா? அந்தக் காலத்து மாலை ஒன்று இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

"இண்டைக்கு என்ன கேட்டவை?"

"ஒண்டும் கேக்கேல்லை."

"ஒருத்தருமோ?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஒரு மணித்தியாலமா என்ன செய்தனீங்கள்?"

"படிப்பிச்சனான்."

"ஆருக்கு?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இப்போது யோசித்தால், சிரித்ததற்காக வெட்கப்படுகிறேன்.

ஏழாவது ஆண்டில்தான் ஒரு மாணவி வந்தாள். தர்ஷிகா என்று வைத்துக்கொள்வோம். இந்நகரின் செவன் கிங்ஸ் பகுதியில் வளர்ந்தவள்; இந்நாட்டில் பிறந்தும் பெற்றோரின் யாழ்ப்பாணத் தமிழை அப்படியே பேசினாள். பரீட்சையில் நான்கு புள்ளிகளால் தவறியிருந்தாள். தவறினால் அந்த ஆண்டு ஒரு நிறுவனத்தில் கிடைத்திருந்த பயிற்சி வேலையும் போய்விடும். விடைத்தாளின் பிரதியோடு என் அறைக்கு வந்தாள்.

சுவர்க் கணக்குக்கு எட்டுப் புள்ளிகள். அவளுக்குக் கிடைத்தது பூச்சியம். அந்த வினா பலகைக் காலத்தில் நானே எழுதியது. துளைகளைப் பற்றி அதில் வேண்டுமென்றே ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மாணவர் அதைக் கேட்க வேண்டும் என்பதே நோக்கம். அவள் கேட்டிருந்தாள். துளைகளின் நிலை தெரியாமல் விடை சொல்ல முடியாது என்று எழுதி, திறந்திருந்தால் இது, அடைபட்டிருந்தால் இது என்று இரண்டு கணக்கும் செய்திருந்தாள். இரண்டும் சரி.

"ஸ்லைடில என்ன இருந்தது, பிள்ளை?" என்று கேட்டேன்.

"பூச்சியம் எண்டு இருந்தது, சேர்."

"அப்ப ஏன் அப்பிடி எழுதேல்லை?"

"ஸ்லைட் பிழை, அங்கிள்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிழை என்றதற்காகவா, அங்கிள் என்றதற்காகவா என்று தெரியவில்லை. பிறகு வேகமாகச் சொன்னாள்: "அப்பா கவுன்சிலில வேலை. றோட்டில தண்ணி ஓடுற கான், சுவர் எல்லாம் பார்த்துத் துப்பரவாக்கிறவர். ஒருநாள் கோயிலுக்குப் போகேக்க நல்ல மழை. ஒரு சுவரில ஓட்டையள் எல்லாம் காய்ஞ்சு கிடந்தது. நான் சொன்னன், பாருங்கோ அப்பா, இந்தச் சுவர் நல்ல சுவர், ஒழுகேல்லை எண்டு. அப்பா பேசினார். விசரி, மழைக்கு ஓட்டை காய்ஞ்சு கிடந்தாத்தான் பயப்பிடவேணும் எண்டார்."

"இதை நீர் வகுப்பிலயே கேட்டிருக்கலாமே?"

அவள் என்னைப் பார்க்காமல் விடைத்தாளைப் பார்த்தாள்.

"கை தூக்கினனான், சேர். நீங்கள் அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டீங்கள்."

விடைத்தாளைத் திருத்தியவர் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த இளம் ஆய்வாளர், கெட்டிக்காரர். அவரை அழைத்துக் காட்டினேன்.

"ஆமா சார், ஞாபகம் இருக்கு. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. ஆனா மார்க்கிங் ஸ்கீம்ல நீரழுத்தம் ஜீரோன்னுதானே சார் இருக்கு? ரெண்டு விடை எழுதினா மார்க் கிடையாதுன்னும் போட்டிருக்கு."

"உமக்கு என்ன பட்டது, தம்பி?"

"எனக்கா?" என்று சற்று யோசித்தார். "என்னை யாரும் கேக்கலையே சார்."

புள்ளித் திட்டத்தை எழுதியது யார் என்று தேடினேன். யாரும் எழுதவில்லை. அலுவலகத்தில் யாரோ என் ஸ்லைடிலிருந்து பிரதி எடுத்திருந்தார்கள். என் ஸ்லைடைப் பார்த்து மாணவர்கள் எழுதினார்கள். அதே ஸ்லைடைப் பார்த்து நாங்கள் சரி போட்டோம். ஏழு ஆண்டுகளாக எல்லோரும் எல்லோரோடும் உடன்பட்டிருந்தோம்.

துறைத் தலைவரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். பொறியாளர் சங்கத்தின் அங்கீகாரக் குழு மூன்று வாரத்தில் வரவிருந்ததால் மிகவும் களைத்திருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"சரியான விடை எது என்பது இப்போது பிரச்சினையல்ல," என்றார். "எதைக் கற்பித்தோம் என்பதுதான் பிரச்சினை. ஸ்லைடில் இருப்பதே நாம் கற்பித்தது. மாணவர்கள் அதை நம்பி எழுதியிருக்கிறார்கள்."

"அது தவறு."

"சரி. அப்படியானால் எல்லோருக்கும் எட்டுப் புள்ளிகளையும் கொடுத்துவிடுவோம். அந்தப் பெண் தேறிவிடுவாள். எவருக்கும் நட்டமில்லை."

அவர் சொன்னதில் இரக்கமும் இருந்தது, ஒழுங்கும் இருந்தது. நான் சம்மதித்தேன். ஓய்வுபெற எனக்கு இரண்டு ஆண்டுகளே இருந்தன. இதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து நூலக வாசலில் தர்ஷிகாவைச் சந்தித்தேன்.

"பாஸ் எண்டு ஈமெயில் வந்தது, அங்கிள். தாங்க்ஸ்." போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. "எல்லாருக்கும் எட்டுக் குடுத்திருக்காம்?"

"ஓம்."

"பூச்சியம் எண்டு எழுதினவைக்கும்?"

"ஓம்."

"அப்ப அவைக்கு எப்பிடித் தெரியும், அது பிழையெண்டு?"

அவளே தொடர்ந்தாள்.

"அப்பா கேட்டவர், நீ எழுதினது சரியோ பிழையோ எண்டு. பாஸ் எண்டன். நான் அதைக் கேக்கேல்லை எண்டார்." அவள் குரல் உயரவில்லை. "நான் அவருக்கு என்ன சொல்லுறது, அங்கிள்?"

அன்று மாலை மனைவி வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, இந்த வினாவைச் சொன்னேன். கதை முழுவதையும் சொன்னேன். அவள் அப்போதே நோயாளி. சாய்மனைக் கதிரையில் போர்வையோடு இருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, "எத்தினை வருசம்?" என்றாள்.

"ஏழு."

"அந்தப் பிள்ளையள் எல்லாம் இப்ப எங்க?"

"வேலையில."

"சுவர் கட்டுகினமோ?"

"சிலபேர் கட்டுவினம்."

"சுவர் விழுந்தா, உங்கட ஸ்லைடைக் கொண்டுபோய் முட்டுக் குடுப்பினமோ?"

அனுபவமுள்ளவர்கள் அவர்களைச் சரிபார்ப்பார்கள், ஒருவரின் வடிவமைப்பை இன்னொருவர் பார்ப்பார் என்றெல்லாம் சொன்னேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உங்கட அலுவலகத்திலயும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தவைதானே."

மூன்று நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அந்த மூன்று நாளும் அவள் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிற்பேன். அவள் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான்காம் நாள் மீண்டும் துறைத் தலைவரிடம் போனேன். தர்ஷிகாவின் விடையே சரி, என் ஸ்லைட் தவறு என்று பரீட்சைக் குழுவின் குறிப்பில் பதியும்படி கேட்டேன். அது அந்தக் குறிப்புக்குரிய விஷயமல்ல என்றார். ஏழு ஆண்டு மாணவர்களுக்கும் பல்கலைக்கழகம் எழுத வேண்டும் என்றேன். சட்டப் பிரிவு அனுமதிக்காது என்றார். "அங்கீகாரக் குழு வந்துபோகட்டும்," என்றும் சொன்னார். மழை யாருடைய வருகைக்காகவும் காத்திருக்காது என்றேன். அவரிடம் நான் குரலை உயர்த்திப் பேசியது அந்த ஒரே தடவைதான். அதற்காக வருந்தவில்லை.

அதே வகுப்புக்கான அடுத்த விரிவுரைக்குக் கணினியைத் திறக்காமல் போனேன். பலகையில் சுவரை வரைந்தேன். என் ஸ்லைடில் இருந்தது தவறு, நீக்கியவன் நான், நீக்கிய காரணம் இடம் போதாமை என்று சொன்னேன். பிறகு, அவளுடைய சம்மதத்தோடு, அவள் விடையை வாசித்தேன். அவள் மூன்றாவது வரிசையில் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஒரு மாணவன் கை தூக்கினான். நான் மகிழ்ந்தேன்.

"இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டான்.

பழைய மாணவர்களுக்கு என் பெயரிலேயே ஒரு கடிதம் எழுதினேன். மனைவி அதை வாசித்துவிட்டுப் பென்சிலால் இரண்டு இடத்தில் வெட்டினாள். "வருந்துகிறேன் எண்டு மூண்டு தரம் எழுதியிருக்கிறியள். ஒருக்காப் போதும். சுவரைப் பற்றி எழுதுங்கோ." முகவரிகளைப் பல்கலைக்கழகம் தரவில்லை. ஒவ்வோர் ஆண்டின் மாணவப் பிரதிநிதிகளையும் தேடிப் பிடித்து, அவர்கள் வழியாக அனுப்பினேன். சிலர் நன்றி எழுதினார்கள். ஒருவர், தான் வரைந்த ஒரு சுவரின் கணக்கை அன்றே திரும்பப் பார்த்ததாகவும், துளைகளைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு அதில் இல்லாததைக் கண்டு சேர்த்ததாகவும் எழுதினார். அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். மற்றப் பெரும்பாலான பதில்கள் ஒரே வரியில் இருந்தன: திருத்திய ஸ்லைடை அனுப்ப முடியுமா?

படித்துக் காட்டினேன். என் மனைவி நெடுநேரம் சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.

என் கோபம் கருவியின் மீதல்ல. ஒரு நல்ல படத்தை நூறு பேருக்குக் காட்ட அதைவிடச் சிறந்த வழி இல்லை. முடிவுகளை மட்டும் காட்டிவிட்டு, அவற்றைத் தாங்கி நிற்கும் நிபந்தனைகளை இடமில்லை என்று எறிந்துவிடுவதற்குப் பெயர் கற்பித்தல் என்று சொல்கிறோமே, அதன் மீதுதான் கோபம். கேள்வி எழாத வகுப்பைத் தெளிவான வகுப்பு என்று மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதுகிறோம். தர்ஷிகா அந்தச் சுவரைப் பார்த்து, ஒழுகவில்லை, நல்ல சுவர் என்றாளே, அதேபோலத்தான். அவளுக்கு அப்போது வயது பதினைந்து. நமக்கு என்ன சாக்கு?

என் மனைவி காலமாகிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. வீட்டுக்கு வந்தவர்களில் தர்ஷிகாவும் அவள் தந்தையும் இருந்தார்கள். அவள் இப்போது பொறியாளர். தந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "மகள் எழுதினது சரியெண்டு நீங்கள் எல்லாருக்கும் முன்னால சொன்னனீங்களாம்," என்றார்.

சென்ற வாரம் புதிய விரிவுரையாளர்களிடம் பேசினேன். என் பின்னால் திரை வெறுமையாகவே இருந்தது. மேலே எழுதியதை, வீட்டில் நடந்தவற்றை விட்டுவிட்டுச் சொன்னேன். முடிந்ததும் பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தார்.

"மாணவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்பது முதலாண்டிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிறகு ஏன் ஏழு ஆண்டுகள்?"

ஒளிந்துகொள்ள அடுத்த ஸ்லைட் என்னிடம் இல்லை.

"வசதியாக இருந்தது," என்றேன். "வகுப்பு நேரத்துக்கு முடிந்தது. அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டேன்."

"அது மட்டும்தானா?" என்றார் அவர். கேலி இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன். வீட்டுக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, சப்பாத்தைக் கழற்றினேன். அன்று கேட்டிருந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி, இரண்டாவது அதைவிட நல்லது. ஒரு சப்பாத்தைக் கையில் வைத்தபடி சிறிது நேரம் அங்கேயே நின்றேன்.

பிறகு மேசையில் அமர்ந்து இதை உங்களுக்கு எழுதத் தொடங்கினேன்.